சொந்தம் இருக்கையில் இன்சூரன்ஸ் எதற்கு?

கான்ட்ராக்டர்களில் பல ரகம் உண்டு. சொன்ன நாளில் வராத ரகம், வந்தாலும் வேலையைத் தொடாத ரகம், முன்பணம் வாங்கியதும் செல்போன் நம்பரை மாற்றுகிற ரகம். இவர்களையெல்லாம் உங்களுக்கே தெரியும். நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நான் சொல்ல வந்தது இவர்களைவிட நல்லவர், இவர்களைவிட ஆபத்தானவர். உறவுக்காரக் கான்ட்ராக்டர்.

பம்மலில் தொடங்கி கோவிலம்பாக்கம் வரைக்கும், எங்கெல்லாம் பழைய ஓட்டு வீட்டை இடித்து மாடிமேல் மாடியாக ஃப்ளாட் எழும்புகிறதோ, அங்கெல்லாம் இந்த இனம் செழித்து வளர்கிறது. அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். மூன்றாவது மாடி ஜன்னல் விளிம்பில் ஒருவன் ஒற்றைக் காலில் நின்று துளை போட்டுக்கொண்டிருப்பான், இன்னொருவன் அவன் இடுப்பு பெல்ட்டைப் பிடித்துக்கொண்டிருப்பான், அவனை யாரும் பிடித்துக்கொண்டிருக்க மாட்டார்கள், கீழே நிழலில் நிற்கிறவர் "மாப்ள, அப்படித்தான்! மச்சான், கொஞ்சம் லெஃப்ட்ல! சித்தப்பா, பாத்து!" என்று மேலே பார்த்துக் குரல் கொடுத்துக்கொண்டிருப்பார். வேலை நடக்கிற இடத்துக்கு வந்தோமா, நிச்சயதார்த்தத்துக்கு வந்தோமா என்று உங்களுக்கே சந்தேகம் வரும். வந்தால், சரியான ஆளைத்தான் பார்த்திருக்கிறீர்கள்.

எங்கள் லோகநாதன் இந்த இனத்தின் ஒரு முழு வளர்ச்சி பெற்ற மாதிரி. அவன் அப்பாவைப் பெற்றவளும் என்னைப் பெற்றவளும் ஒன்றுவிட்ட அக்கா தங்கை; அந்த முறையில் நான் அவனுக்கு அத்தை. பம்மல் மெயின் ரோட்டில் அலுமினியம், யு.பி.வி.சி. ஜன்னல் கடை வைத்திருக்கிறான். குடும்பத்து விளைநிலம் ஃப்ளாட்டாகிப் போன பிறகு, அந்த ஃப்ளாட்டுகளுக்கே ஜன்னல் மாட்டிப் பிழைக்கிறான். வேலை சுத்தம். பழுது சொன்னால் மறுநாளே ஆள் அனுப்புவான். குடி கிடையாது. குணத்தில் தங்கம். தங்கத்தை நம்பி உயரத்தில் ஏறலாமா என்பதுதான் கேள்வி.

புதிதாக ஒரு ஆள் வேலை கேட்டு வந்தால், மற்ற கடைக்காரர்கள் என்ன கேட்பார்கள்? ட்ரில் பிடிப்பாயா, கண்ணாடி தூக்கிப் பழக்கம் உண்டா என்று கேட்பார்கள். லோகநாதன் கேட்கிற முதல் கேள்வி வேறு.

"பொண்டாட்டி எந்த ஊர்ப்பா?"

வந்தவன் செங்கல்பட்டுப் பக்கம் என்பான், இல்லை கோவளம் என்பான், எதையோ சொல்வான். எதைச் சொன்னாலும் பதில் ஒன்றுதான்.

"அப்படிப் போடு! அப்ப எனக்குத் தங்கச்சி முறையாவுது. நீ மாப்ள!"

தீர்ந்தது. அந்த நிமிஷத்திலிருந்து அவன் வேலையாள் இல்லை, மாப்பிள்ளை. மாப்பிள்ளையிடம் சம்பளத்தைப் பேரம் பேச முடியுமா? மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டால் வராமல் இருக்க முடியுமா? மாப்பிள்ளைக்குப் போய் யாராவது இன்சூரன்ஸ் போடுவார்களா? இப்படியே சேர்த்துச் சேர்த்து, பல்லாவரத்துக்கும் கூடுவாஞ்சேரிக்கும் நடுவில் எங்கள் லோகநாதனுக்கு இல்லாத தங்கைகள் இல்லை. அவனோடு கூடப் பிறந்தது ஒரே ஒரு அக்காதான். அவள் பிள்ளை தீனாவும் கடையில்தான் வேலை. ஆக, அங்கே ரத்தத்தில் வந்த சொந்தம் ஒன்று, ரேட்டில் வந்த சொந்தம் மீதியெல்லாம்.

இன்சூரன்ஸ் ஏஜென்ட் கிட்டு வருஷம் தவறாமல் கடைக்கு வருவார். வேலையாளுக்கு அடிபட்டால் வைத்தியத்துக்கும் வீட்டுச் செலவுக்கும் இவ்வளவு, கண்ணாடி விழுந்து அடுத்தவர் கார் நசுங்கினால் காருக்கு இவ்வளவு என்று பொறுமையாக எடுத்துச் சொல்வார். லோகநாதன் டீ சொல்வான், பஜ்ஜி சொல்வான், எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வதுபோல் தலையை ஆட்டுவான். கடைசியில் கிட்டுவின் தோளில் கையைப் போட்டு, "இன்னா கிட்டு, எம் மாப்ளைங்க எப்ப வுழுவானுங்கன்னு நாள் பாத்துகினு கீறியா? அபசகுனமா பேசாத, டீயைக் குடி" என்பான்.

சரி, பாதுகாப்புக்கு எதுவுமே செய்ய மாட்டானா என்று கேட்காதீர்கள். செய்வான். வேலை தொடங்குமுன் முதல் ஜன்னலில் எலுமிச்சம்பழமும் பச்சைமிளகாயும் கோத்துக் கட்டுவான். அந்தப் பழத்தைக் கட்டின கயிறு, ஆளைக் கட்டுகிற கயிற்றைவிடப் புதிது. கடையில் ஒரு பாதுகாப்பு பெல்ட்டும் உண்டு. ஒன்றே ஒன்று. யாராவது பெரிய மனிதர் வேலையைப் பார்க்க வந்தால், கீழே நிற்கிறவனுக்கு அதை மாட்டிவிடுவார்கள்.

இந்தக் கூட்டத்தில் ஜெரோம் என்று ஒருவன். கண்ணாடி தூக்குவதில் கெட்டிக்காரன். பெண்டாட்டி கிறிஸ்டினா, அம்மா எல்லம்மா, ஷீலா என்று ஒரு குட்டிப் பெண். கிறிஸ்டினாவுக்குத் தாய் தகப்பன் இல்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை. லோகநாதனுக்கு இதைவிடத் தோதான இடம் கிடைக்குமா? ஷீலாவுக்குக் காது குத்தியபோது தாய்மாமன் நானே என்று பட்டு வேட்டியோடு போய் நின்றான். பழத்தட்டு, பலகாரத்தட்டு, பாவாடை சட்டை, பொடிக் கம்மல் என்று மேளம் இல்லாத குறையாகச் சீர் கொண்டுபோய், குழந்தையை மடியில் உட்காரவைத்து, அது போட்ட கூச்சலில் தானும் இரண்டு சொட்டுக் கண்ணீர் விட்டான். அந்தக் கண்ணீர் பொய்யில்லை. அவனிடம் உள்ள கோளாறே அதுதான். அழும்போது நிஜமாகவே அழுவான்.

கோவிலம்பாக்கத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. மூன்றாவது மாடி ஃப்ளாட்டில் பழைய ஜன்னல்களைக் கழற்றிவிட்டுப் புதிது மாட்டுகிற வேலை. அங்கே அசோசியேஷன் செயலாளர் சுந்தரவல்லி என்று ஒரு அம்மாள், பேங்க்கில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். கேட்டிலேயே நிறுத்திவிட்டார்.

"மிஸ்டர் லோகநாதன், உங்க லேபர்ஸுக்கு இன்சூரன்ஸ் இருக்கா? காப்பி இல்லாம மேல அலவ் பண்ண மாட்டோம். அசோசியேஷன் ரூல்."

லோகநாதன் நெஞ்சில் கையை வைத்தான். "லேபரா? மேடம், நம்மகிட்ட லேபர்னு ஒருத்தரும் கெடையாது. தோ நிக்கறான் பாருங்க, எங்கக்கா புள்ள. கண்ணாடியத் தூக்கிகினு கீறாரே, எங்க தங்கச்சி வூட்டுக்காரர். சொந்தத்துக்கு யாராச்சும் இன்சூரன்ஸ் போடுவாங்களா? அவங்களுக்கு ஒண்ணுன்னா நான் வுட்டுருவனா?"

சுந்தரவல்லி அம்மாளுக்கு முழு நம்பிக்கை வரவில்லை. அதற்குள் ஃப்ளாட்காரர் குறுக்கே வந்தார்.

"விடுங்க மேடம். இன்சூரன்ஸ் கின்சூரன்ஸ்னா அதையும் நம்ம ரேட்லதான் ஏத்துவாங்க. ஃபேமிலியா வந்து பண்றாங்க, பண்ணட்டுமே."

குடும்பம் மேலே ஏறியது.

மூன்றாவது ஜன்னலுக்குக் கண்ணாடி ஏற்றும்போது அது கைநழுவி வெளிப்பக்கம் சாய்ந்தது. ஜெரோம் ஓரத்தைப் பிடித்துவிட்டான். வெறுங்கை. கீழே இருந்த லோகநாதன் அந்த நேரத்தில் என்ன கத்தியிருக்க வேண்டும்? கையை எடு என்று கத்தியிருக்க வேண்டும். அவன் கத்தியது இது:

"வுட்டுடாத மாப்ள! கீழ கார் கீது!"

மாப்பிள்ளை விடவில்லை. கார் பிழைத்தது. ஜெரோமின் வலது உள்ளங்கை, விரல் நரம்புகளோடு அறுந்தது.

இதற்குப் பிறகு நடந்ததைத்தான் நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும். இந்த இனத்தின் முழு அழகும் அப்போதுதான் வெளியே வரும்.

ஆட்டோவில் ஏற்றும்போது லோகநாதன் அழுதுகொண்டே, "சீக்கிரம் போப்பா, எந் தங்கச்சி புருஷன்பா!" என்றான். ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவரிடம், "நம்ம பையன்தான், கொஞ்சம் பாத்துக்க" என்றான். உள்ளே போனதும், நரம்பைச் சேர்த்துத் தைக்க வேண்டும், மாதக்கணக்கில் அந்தக் கையால் ஒரு சொம்புகூடத் தூக்கக் கூடாது, வேலை செய்யும் இடத்தில் நடந்ததென்றால் அதையும் எழுத வேண்டும் என்று டாக்டர் சொன்னார். "வேண்டப்பட்டவரு சார்" என்றான். விபத்து கேஸ் என்று போலீஸ்காரர் வந்து, "நீ யாருய்யா இவனுக்கு?" என்று கேட்டபோது எங்கள் லோகநாதன் சொன்ன பதில்:

"நான் ரோட்ல போய்கினு இருந்தேன் சார். ரத்தமா நின்னுகினு இருந்தாரு. மனசு கேக்கல, இட்டாந்தேன்."

பார்த்தீர்களா? ஸ்ட்ரெச்சர் தள்ளுகிற தூரத்துக்குள் தங்கை புருஷன் யாரோ ஒருவன் ஆகிவிட்டான். எனக்குத் தெரிந்து எங்கள் வம்சத்தில் உறவு முறிய பாகப்பிரிவினை வேண்டியிருக்கும், இல்லை ஒரு சாவு வேண்டியிருக்கும், கல்யாணத்தில் பந்தி பிந்தினால்கூட ஒரு தலைமுறை பிடிக்கும். இவன் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே முடித்துவிட்டான்.

அரசாங்க ஆஸ்பத்திரி, அறுவைக்குச் செலவில்லை, நல்லபடியாகவே தைத்து அனுப்பினார்கள். ஆனால் கை கூடும்வரை அந்த வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே? எல்லம்மாவுக்கு மூட்டுவலி. கிறிஸ்டினா தையல் கடையில் வேலைக்குப் போனவள், கட்டு மாற்றவும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகவும் அதையும் விட்டாயிற்று. லோகநாதனுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். தீனாதான் எடுத்து, குரலைத் தாழ்த்தி, "அக்கா, மாமா வெளில போயிட்டாருன்னு சொல்லச் சொல்றாரு" என்றான்.

கிறிஸ்டினா அழவில்லை. சண்டைக்கும் வரவில்லை. வக்கீலிடம் போயிருந்தால்கூட லோகநாதன் சமாளித்திருப்பான். அவள் மூட்டை கட்டினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, லோகநாதன் வீட்டு வாசலில் ஷேர் ஆட்டோ வந்து நின்றது. நான் அன்றைக்கு அங்கேதான் இருந்தேன். முதலில் இரண்டு துணிப்பைகள் இறங்கின. அப்புறம் ஒரு குடம், ஒரு தலையணை. அப்புறம் எல்லம்மா. அப்புறம் கையைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டபடி, தலையை நிமிர்த்தாமல் ஜெரோம். கடைசியாகக் கிறிஸ்டினா, இடுப்பில் ஷீலா.

"அண்ணா, வந்துட்டோம்."

லோகநாதன் பல் தேய்க்கிற பிரஷ்ஷோடு நின்றான். "எந்தூருக்கும்மா கெளம்பிட்டீங்க, மூட்டையெல்லாம்?"

"எந்தூருக்கும் இல்லண்ணா. வூட்டுக்காரருக்கு முடியலன்னா பொம்பள எங்க போவும்? தாய் வூட்டுக்குத்தான் போவும். எனக்கு அம்மா இல்ல, அப்பா இல்ல. நீதான கீற?"

லோகநாதன் தன் பெண்டாட்டி ஜெயஸ்ரீயைத் திரும்பிப் பார்த்தான். ஆஸ்பத்திரியில் அவன் சொன்ன வழிப்போக்கன் கதை தீனா மூலம் அவள் காதுக்கு எப்போதோ வந்திருந்தது. அவள் ஓடிவந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

"உள்ள வா கிறிஸ்டினா. தங்கச்சிய வாசல்ல நிக்க வச்சிப் பேசறாரு பாரு, மொற தெரியாத மனுஷன்."

அன்றிலிருந்து அந்த வீடு கண்கொள்ளாக் காட்சி. ஹாலில் சோபா முழுக்க ஜெரோம், கைக்குத் தனித் தலையணை. டி.வி. ரிமோட் எல்லம்மா வசம். சாயங்காலம் ஜெபம், அதில் "லோகநாதன் தம்பி மனசுக்கு நல்ல புத்தியக் குடும் ஆண்டவரே" என்று தெருமுனை வரைக்கும் கேட்கிற ஒரு வரி. ஷீலா, அவன் குளிக்கப் போனால் கதவைத் தட்டி "மாமா", சாப்பிட உட்கார்ந்தால் மடியில் ஏறி "மாமா". ஒருநாள் மத்தியானம் கிறிஸ்டினா அடுக்களையிலிருந்து கிண்ணத்தோடு வந்தாள்.

"அண்ணா, எங் கையெல்லாம் மாவு. மாப்ளைக்குக் கொஞ்சம் ஊட்டி வுடேன்."

ஜெரோம் கூசிப்போய், "வேணா மச்சான், நானே எடது கைல துன்னுக்கறேன்" என்றான். ஜெயஸ்ரீ பார்த்துக்கொண்டிருந்தாள். லோகநாதன் ஊட்டினான். மூன்று மாடிக்கு மேலே நின்றவனை மாப்பிள்ளை என்று கூப்பிட்டது எவ்வளவு சுலபமாக இருந்தது! பக்கத்தில் உட்காரவைத்துத் தயிர்சோறு ஊட்டும்போது அந்த வார்த்தை வாயில் வரவே மாட்டேன் என்றது.

என்னைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போனான். "அத்தை, ஒனக்குத்தான் எல்லா மொறையும் தெரியுமே. நீயே சொல்லு. இவங்க நமக்கு இன்னா சொந்தம்?"

"எங்கிட்ட கேட்டா மாப்ளன்னு கூப்ட்ட?" என்றேன்.

கடைசியில் கிறிஸ்டினாவிடமே பேசிப் பார்த்தான். "இன்னாம்மா இது, நான் சும்மா ஒரு பாசத்துல சொன்னது..."

"நாங்களும் பாசத்துலதாண்ணா வந்தோம்."

ஜெயஸ்ரீ நடுவில் உட்கார்ந்தாள். கை கூடி ஜெரோம் மறுபடி ஒரு வேலையில் உட்காரும்வரை வாரக்கூலி குறையாமல் அவன் வீட்டுக்குப் போக வேண்டும். அதை லோகநாதன் அல்ல, ஜெயஸ்ரீதான் கொண்டுபோய்க் கொடுப்பாள். கிறிஸ்டினா அண்ணியின் வாய்வார்த்தையை மட்டும் வாங்கிக்கொண்டு, குடத்தையும் தலையணையையும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். போகும்போது அண்ணன் காலில் விழுந்து கும்பிட்டாள். அடித்திருந்தால்கூட அவன் அவ்வளவு துள்ளியிருக்க மாட்டான்.

நல்ல பாடம், மனுஷன் திருந்திவிட்டான் என்றுதானே நினைக்கிறீர்கள்? அவசரப்படாதீர்கள். இந்த இனம் அவ்வளவு சீக்கிரம் திருந்தினால் நான் ஏன் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்?

லோகநாதன் தானாகவே கிட்டுவைக் கூப்பிட்டு அனுப்பினான். கடையில் எல்லோரும் இருந்தார்கள், நானும்தான். தீனா அலுமினியம் அறுத்துக்கொண்டிருந்தான். விரல்கள் இன்னும் சரியாக மடங்காத கையோடு ஜெரோம் போன் எடுத்துப் பேசுகிற வேலைக்கு வந்து உட்கார்ந்திருந்தான்.

கிட்டு பேனாவை எடுத்தார். "சொல்லுங்கண்ணா. வேலையாளுங்க எத்தினி பேரு?"

லோகநாதன் வாயில் பழைய பல்லவி தானாக வந்துவிட்டது. ஆளுக்கு ஆள் பிரீமியம் என்பது ஒரு பக்கம். பழக்கம் ஒரு பக்கம்.

"வேலையாளா? அப்படி ஒருத்தரும் கெடையாதே கிட்டு. எல்லாம் நம்ம சொந்தம். கடைக்கு மட்டும் போடு."

அறுக்கிற மெஷின் நின்றது.

"கிட்டுண்ணா," என்றான் தீனா. "எழுதிக்கோ. தீனா. லேபர்."

"டேய்! நீ எங்கக்கா வவுத்துல பொறந்தவன்டா! ஒன்னப் போயி லேபர்னு எழுதுனா எங்கக்கா மூஞ்சில எப்படிடா முழிப்பேன்?"

"நான் மேலேர்ந்து வுழுந்தா எப்படி முழிப்பியோ, அப்படி முழி மாமா." கிட்டு பக்கம் திரும்பினான். "மாமால்லாம் வூட்டுல. இங்க சார். எழுதுங்கண்ணா, லேபர்."

மூலையில் ஜன்னல் சட்டம் அடுக்கிக்கொண்டிருந்தவன் எழுந்து வந்தான். "சின்னப்பன். லேபர்."

"மாப்ள, நீயுமாடா?"

"லேபர் சார்."

ஒவ்வொருவராக வந்தார்கள். யாரும் சத்தம் போடவில்லை. சித்தப்பா வந்து லேபர் என்றார், மச்சான் வந்து லேபர் என்றான். கடைசியில் ஜெரோம் தயங்கித் தயங்கிக் கேட்டான். "எம் பேரையும் எழுதுவியா கிட்டு?"

கிட்டு பேனாவைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நடந்து முடிஞ்சதுக்குப் போட முடியாது ஜெரோம்."

"தெரியும். இந்தக் கைக்கு இல்ல." இடது கையை மேசைமேல் வைத்தான். "இதுக்கு."

லோகநாதன் ஒவ்வொரு மாப்பிள்ளை முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தான். பிறகு, "எழுது கிட்டு, எல்லாரையும் எழுது" என்றான். ஒரே மத்தியானத்தில் அத்தனை சொந்தத்தையும் பறிகொடுத்தவன் முகம் எப்படி இருக்கும் என்று அன்றைக்குப் பார்த்தேன். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வாரம்தான் முதல்முறையாக, மேலே ஏறின எல்லோர் இடுப்பிலும் பெல்ட் இருந்தது. எவனோ ஒரு லேபர் கேட்டால் வாங்கிக் கொடுத்துத்தானே ஆகவேண்டும்?

நமக்கு ஜன்னல் கடை இல்லை, தப்பித்தோம் என்று எழுந்திருக்கிறீர்களா? உட்காருங்கள். உங்கள் வீட்டுப் பாத்திரம் தேய்க்கிற எல்லம்மாவையோ கிறிஸ்டினாவையோ, வந்த விருந்தாளியிடம் "இவ எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி" என்று சொன்னது யார்? மொட்டைமாடித் தொட்டி கழுவ ஏறினவனிடம் "தம்பி, பாத்துப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு விசிறிக்கடியில் போய்ப் படுத்தது யார்? கொசுவலை மாட்ட வந்தவர் ஆளுக்கு இன்சூரன்ஸ் என்று ரேட்டில் சேர்த்ததை, "அதெல்லாம் நமக்குள்ள எதுக்கு" என்று சிரித்துக்கொண்டே அடித்துவிட்டது யார்? நான் யார் பெயரையும் சொல்லவில்லை.

தம்பி என்று கூப்பிடுவதில் தப்பொன்றும் இல்லை. தாராளமாகக் கூப்பிடுங்கள். கூப்பிடுமுன் உங்கள் ஹாலை மட்டும் ஒருதரம் அளந்து பார்த்துவிடுங்கள். சோபாவைக் கொஞ்சம் தள்ளினால், அவன் பெண்டாட்டி, பிள்ளை, அம்மா மூன்று பேருக்கும் பாய் விரிக்க இடம் இருக்கிறதா?